பேனரில் இருக்கும் பெண் என் மகள் அல்ல

தாளாளர் ஐயா, என் மகளின் முகத்தை அழித்தது நீங்கள்தான்.

படிப்பவர்கள் பதற வேண்டாம். ரத்தம் எதுவும் சிந்தவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற விஷயமும் இல்லை. அழித்தது ஒரு ப்ளெக்ஸ் பேனரில். ஆனால் அழித்தது அழித்ததுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். ஆலத்தியூர் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் மேடையில் ஏறி நிற்கும். நான் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடையைக் கம்ப்யூட்டரில் பதிந்து சீட்டு எடுத்துக் கொடுப்பேன். வீடு குரும்பலூரில். கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். என் அப்பாவும் அம்மாவும் கீழப்பழுவூர் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். எனக்கு ஒரே மகள். அவள் பெரம்பலூரில் உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்து, பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். கறுப்பு. நல்ல கறுப்பு. என்னைப் போல.

இப்போது உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதப் போவதில்லை. நீங்கள் மைக்கைப் பிடித்தால் எப்படி இருப்பீர்கள் என்று எழுதினாலே போதும், அந்தப் பள்ளியில் பிள்ளை படித்த எல்லா அம்மாவுக்கும் தெரிந்துவிடும்.

மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பெற்றோர் கூட்டம் என்று பெயர், வருவது முழுக்க அம்மாக்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைப்பீர்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றி வகுப்பாசிரியர் பேச ஐந்து நிமிடம். உலகத்தில் உள்ள அத்தனை பேரைப் பற்றியும் நீங்கள் பேச ஒன்றரை மணி நேரம்.

"பொம்பளப் புள்ளைங்க மனப்பாடம் பண்ணும். பசங்க புரிஞ்சு படிப்பானுங்க. அதான் பொண்ணுங்க மார்க்கு வாங்குது, பசங்க வாழ்க்கையில ஜெயிக்கிறானுங்க."

இது நீங்கள் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது. ஒருமுறை என் பக்கத்தில் இருந்த அம்மாவின் மகன் அரையாண்டில் மூன்று பாடத்தில் தோற்றிருந்தான். நீங்கள் சொன்னதைக் கேட்டு அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டீங்களா, எம்மவன் புரிஞ்சு படிக்கிறவன்" என்றார்.

"புரிஞ்சு படிச்சா மூணுல எப்படிங்க போகும்?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரொம்பப் புரிஞ்சிடுச்சு போல."

அடுத்தது அம்மாக்களுக்கு. "வேலைக்குப் போற அம்மாவா, புள்ள தறிகெட்டுப் போச்சு. வூட்டுல இருக்கற அம்மாவா, சீரியல் போட்டே புள்ளையக் கெடுத்துடுச்சு." இரண்டு பக்கமும் வாசலை அடைத்துவிட்டீர்கள். செத்துப்போன அம்மாவைப் பற்றி மட்டும்தான் நீங்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம், "அப்பன் வெளிநாட்டுல இருக்கற வூட்டுப் புள்ளைங்கள மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். கையில போனு இருக்கும், கண்ணுல பயம் இருக்காது." அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கணவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தார். பாதித் தலைகள் குனிந்தன. என் தலையும்தான். என் மகளிடம் போனே கிடையாது, ஆனாலும் குனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று இன்றுவரை எனக்கு என் மேலேயே கோபம்.

"சில ஏரியாவுலேர்ந்து வர்ற புள்ளைங்களுக்கு நாங்க முதல்ல குளிக்கக் கத்துக்குடுக்க வேண்டியிருக்கு" என்றும் சொன்னீர்கள். எந்த ஏரியா என்று சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர். ஆனால் எந்த வரிசையைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று அந்த வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரியும். என் மகள் காலை ஐந்தரைக்குக் குளித்து முடித்து, தலையில் ஈரம் காயாமல் பஸ் ஏறியவள்.

கடைசியாக எப்போதும் வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பிடித்துக்கொள்வீர்கள். "வடக்கன் வந்துட்டான். பாக்கப் போட்டுத் துப்பித் துப்பி டவுனையே நாசம் பண்ணிட்டான். அவனுக்கு மூளையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. நம்ம புள்ளைங்க படிக்கலேன்னா அவன்கூட நின்னு கல்லு ஒடைக்கணும்." இதற்கு மட்டும் கூட்டம் கைதட்டும். எல்லா அம்மாக்களையும் ஒரு வசவில் நனைத்துவிட்டு, அவர்களுக்குக் கீழே திட்ட ஒரு ஆளைக் காட்டினால் கைதட்டத்தானே செய்வார்கள்? நானும் தட்டினேன். அதற்கான கூலி எனக்குப் பின்னால் கிடைத்தது.

எங்கள் எடைமேடையிலும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. லாரி தூரத்தில் வரும்போதே டிரைவர்கள் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து, அடியில் வில்லுப் பட்டை வளைந்திருப்பதைப் பார்த்து, இத்தனை டன் என்று சவால் விடுவார்கள். மேடையில் ஏற்றினால் தப்பாக இருக்கும். உடனே ஒத்துக்கொண்டு, "போச்சுப்பா" என்று சிரிப்பார்கள். அந்த டிரைவர்கள் யாரும் தாளாளர் இல்லை. அதனால் தப்பை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு வெட்கமில்லை.

என் மகளுக்குக் கல் பைத்தியம் பிடித்ததும் அந்த மேடையில்தான். லீவு நாட்களில் என்னோடு வந்து கூண்டுக்குள் உட்காருவாள். ஒரு டிரைவர் லோடிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். கல்லுக்குள் நத்தை சுருண்டு படுத்திருந்தது. உயிருள்ள நத்தை இல்லை, கல்லாகிப் போன நத்தை. "இது எப்படிம்மா உள்ள போச்சு?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அவளே தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள், நம் ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்குள் கிடந்ததாம். அதிலிருந்து எல்லா டிரைவரும் அவளுக்குக் கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் மூன்று பக்கெட் கல். நிலவியல் படிக்கப் போகிறேன் என்று ஒன்பதாவதிலேயே சொல்லிவிட்டாள்.

உங்கள் பள்ளியில் அதற்கு என்ன சொன்னார்கள்? அறிவியல் டீச்சர் சொன்னார், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி காடு மேடெல்லாம் சுத்துற படிப்பு? மேத்ஸ் எடு, பி.எட். பண்ணு, நெழல்ல உக்காந்து சம்பாதிக்கலாம்." அதோடு விட்டாரா? "ஏற்கெனவே நீ கலரு கம்மி. வெயில்ல அலைஞ்சா கரிக்கட்டை ஆயிடுவ." என் மகள் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினாள். அந்த வயதில் அவளால் சிரிக்க முடிந்தது.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. "வெயில்ல ஆடாதடி, கறுத்துடுவ" என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனை முறை கத்தியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கறுத்தவள் மகள் கறுப்பாகத்தானே இருப்பாள், இதில் வெயில் என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ரிசல்ட் வந்தது. முதல் மதிப்பெண். மனப்பாடம் செய்கிற பெண் ஜாதி, அப்பன் வெளிநாட்டில் இருக்கிற வீடு, வேலைக்குப் போகிற அம்மா, குளிக்கத் தெரியாத ஏரியா, எல்லாம் சேர்ந்து முதல் மதிப்பெண். உங்கள் ஆபீசிலிருந்து போன் செய்து போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோவில் எடுத்த யூனிபார்ம் போட்டோவை அனுப்பினோம். அதில் அவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு பல் கொஞ்சம் முன்னால் தெரியும்.

நான்கு நாள் கழித்துப் புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேனர் கட்டினார்கள். நானும் அவளும் பார்க்கப் போனோம். பெரிய பேனர். வலது மூலையில் கை கூப்பிக்கொண்டு நீங்கள், பிள்ளைகள் எல்லாரையும் விடப் பெரிதாக. பரீட்சை எழுதியது நீங்கள்தானோ என்று சந்தேகம் வரும். பிள்ளைகள் படம் வட்ட வட்டமாக. நான் இடமிருந்து வலமாகத் தேடினேன். வலமிருந்து இடமாகத் தேடினேன். என் மகளைக் காணவில்லை.

"விட்டுட்டானுங்கடி!" என்றேன்.

"இல்லம்மா. நடுவுல பாரு."

நடுவில் பெரிய வட்டத்துக்குள் ஒரு பெண். ரோஜா நிறம். உதட்டில் சாயம் மாதிரி ஏதோ. பல் உள்ளே போயிருந்தது. கண்ணைச் சுற்றி நிழலே இல்லை. கீழே என் மகளின் பெயர்.

"யாரும்மா இவ? நம்ம வூட்டுக்கு எப்ப வந்தா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பக்கத்துப் பழக்கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது.

"என்னம்மா, பேனர் பாக்கறீங்களா? அந்த நடுவுல இருக்கு பாருங்க, அதான் பஸ்ட்டு. என்னா களையான பொண்ணு! மூஞ்சியிலயே தெரியுது பாருங்க படிப்பு." பிறகு என் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன பாப்பா படிக்கிற?"

"பன்னெண்டாவதுங்க."

"பாஸா?"

என் மகள் பேனரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பாஸுங்க."

"போதும், போதும். நம்மளுக்கு அது போதும். இந்தா, ஒரு பழம் சாப்பிடு."

பழத்தை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள், உரிக்கவில்லை. இவள்தான், இவள்தான் என்று நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. லாரிக்காரர்களிடம் வருகிற வாய் அங்கே எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மாறினாள். கடைக்குப் போகக் குடை கேட்டாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். ஒரு கிரீம் வாங்கி வந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் பாடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், கடைசித் தேதிவரை அதைத் திருத்தலாம். முதலில் நிலவியல் என்று போட்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுக் கணக்கைப் போட்டிருந்தாள்.

"ஏன்டி எடுத்த?"

"பொழுதன்னிக்கும் வெயில்ல நிக்கணும்மா."

"ஒம்போதாவதுலேர்ந்து தெரியாதா ஒனக்கு?"

"அப்பத் தெரியலம்மா. பஸ்ட் மார்க்கு வாங்கியும் இந்த மூஞ்சி வேணாங்கறாங்க. இன்னும் கறுத்தா என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக ப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். பேனரின் அடியில் பொடி எழுத்தில் கடை பெயர் இருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஆள். நாற்பது வயது இருக்கும். காதோரம் நரை. நான் பேசத் தொடங்கியதும் அவர் "உக்காருங்க அக்கா" என்று சொன்ன விதத்திலேயே வடநாட்டுக்காரர் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"ஓ, நீயா? அதான பாத்தேன். ஒங்க ஊருல வெள்ளத்தோலுதான் அழகுன்னு பூசிவுட்டுட்டியா? வடக்கனுக்கு என்ன தெரியும், மூளையா மரியாதையா!"

உங்கள் வாக்கியம் ஐயா. சனிக்கிழமை தோறும் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. பெண்கள் மனப்பாடம் செய்வார்கள் என்று நீங்கள் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் சரியாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஜார்க்கண்டிலிருந்து சிமெண்ட் ஆலைக் கூலி வேலைக்கு வந்து, பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் மகள் இங்கே அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறாள். அவரும் கறுப்பு. என்னைவிட ஒரு பிடி அதிகமான கறுப்பு. கத்திக்கொண்டிருக்கும்போது இது என் கண்ணில் படவே இல்லை.

"அக்கா, நான் காட்டுறேன், பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். முதலில் செய்த பேனர். நடுவில் என் மகள். என் மகளேதான். அந்தப் பல்லோடு.

"இதான் நான் அனுப்பினது. அவங்க வேணாம்னாங்க."

"யாரு?"

போனை எடுத்து வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைப் போட்டார். உங்கள் குரல். மைக் இல்லாமலே எனக்கு அடையாளம் தெரிந்தது.

"தம்பி, நடுவுல இருக்கற பொண்ணு பேனரையே இருட்டடிக்குது. கொஞ்சம் வெளுத்து வுடு. அட்மிஷனுக்கு வர்றவங்க பாத்தா இது எந்த மாதிரி ஸ்கூலுன்னு நெனப்பாங்கல்ல?"

இரண்டாவது செய்தி: "இன்னும் கொஞ்சம். அந்தப் பல்ல உள்ள தள்ளு."

மூன்றாவது: "ம்... இப்பதான் படிச்ச புள்ள மாதிரி இருக்கு."

அவர் தண்ணீர் கொடுத்தார். "என்னைய மன்னிச்சுடுங்க" என்றேன். அவர், "பரவால்ல அக்கா, பழக்கம்தான்" என்றார். எது பழக்கம் என்று கேட்கவில்லை. கேட்டால் தாங்காது. அன்று இரவு போனில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இங்க நம்ம ஊரு, பீகாரு, நேபாளம், பங்களாதேஷ் எல்லாம் ஒண்ணுதான். 'இவனுங்க எல்லாமே இப்படித்தான்'னு எங்க சூப்பர்வைசர் தெனமும் சொல்லுவான். இங்க நான்தான்டி வடக்கன்" என்றார்.

ப்ளெக்ஸ் கடைக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இந்தக் குரல் செய்தி வெளியில் போகக் கூடாது. கடை முதலாளிக்கு உங்கள் பள்ளி வேலைதான் பெரிய வேலை. தெரிந்தால் இவரை அன்றே அனுப்பிவிடுவார். நான் சத்தியம் செய்துகொடுத்தேன். முதலில் செய்த படத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் உங்கள் ஆபீசுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நிற்க வைத்தே பேசினீர்கள்.

"என்னம்மா, பொண்ணு பஸ்ட்டு வந்திருக்கு, ஸ்வீட் எங்க?"

"பேனர்ல இருக்கறது எம்பொண்ணு இல்லைங்க சார்."

"அட, லேசா டச்சப் பண்ணியிருப்பாங்கம்மா. நல்லதுதான? நாளைக்கு மாப்ளை வூட்டுக்காரங்க பாத்தாக்கூட ஒரு இது இருக்கும்ல."

"மாப்ளை வூடு பேனரையா கட்டப்போகுது, சார்?"

உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்க பாரும்மா, இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. கடையில போட்டுக் குடுத்ததக் கட்டினோம். அங்க ஒரு வடக்கன்தான் உக்காந்திருக்கான். அவனுக்கு என்ன தெரியும்? மூளையா மரியாதையா!"

அந்த நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? முதல் நாள் நான் துப்பியது என் முகத்திலேயே வந்து விழுந்த மாதிரி. மடியில் பிரிண்ட் இருக்கிறது. காதில் உங்கள் மூன்று செய்தியும் இருக்கிறது. வாயைத் திறந்தால் அந்த மனிதரின் வேலை போய்விடும். பேசாமல் வெளியே வந்தேன். நான் பயந்துகொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்ட்டைக் காட்டினேன். அந்தப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பாராட்டு விழா வருதுல்ல. எல்லார் முன்னாடியும் கேக்கறேன். மேடையில அந்த ஆளு, தப்புதான், இந்தப் புள்ளதான் பஸ்ட்டுன்னு சொன்னா, அந்தப் பாறைப் படிப்ப மறுபடி மொதல்ல போடுவியா?" என்றேன்.

"சொல்லுவாராம்மா?"

"சொன்னா?"

"சொன்னா போடறேன்."

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி விழாவுக்கு மறுநாள். அதனால் அந்த விழாவுக்கு நான் வந்தது வேடிக்கை பார்க்க இல்லை. என் மகள் ஒன்பதாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த ஒரு படிப்பு உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தது.

விழாவில் உங்களுக்கே ஐந்து பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கேடயம். மேடைக்குப் பின்னால் அதே பேனர். என் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேலே ஏறி, அந்த ரோஜா நிறப் பெண்ணுக்குக் கீழே நின்றாள். முன்வரிசையில் ஒருவர் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா வரலையாம், தங்கச்சி வாங்குது" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொன்னார். என் காதுபடச் சொன்னார்.

பெற்றோர் சார்பில் ஒருவர் பேசலாம் என்று அறிவித்தீர்கள். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் அம்மா என்று என்னைக் கூப்பிட்டீர்கள். நான் அழுதுகொண்டே நன்றி சொல்வேன், போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தீர்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பின்னால பேனர்ல நடுவுல இருக்கற பொண்ணு யாரு? இங்க நிக்கிறதுதான் எம்பொண்ணு. சார் இதுக்கு மைக்குலயே பதில் சொல்லணும்."

கூட்டத்தில் சலசலப்பு. பின்வரிசையில் ஒரு அம்மா, "ஆமா, அது வேற மாதிரி இருக்கே!" என்று சத்தமாகச் சொன்னார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் சவுண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பி.டி. வாத்தியாரைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டினீர்கள். அவர் பதற்றத்தில் விழா தொடங்கும்போது போடும் பாட்டைப் போட்டுவிட்டார். கூட்டமே எழுந்து நின்றது. நிறுத்தினார். கூட்டம் உட்கார்ந்தது. பிறகு நாட்டுப்பண்ணைப் போட்டார். கூட்டம் மறுபடி எழுந்தது.

நாட்டுப்பண் ஒலிக்கும்போது யாரும் பேசக் கூடாது. எனக்குத் தெரியும், நீங்கள் நடத்திய பள்ளி இல்லையே நான் படித்தது, அரசுப் பள்ளி, ஒழுங்காகச் சொல்லித்தந்தார்கள். கையில் மைக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். நீங்களும் பக்கத்திலேயே அசையாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றீர்கள். முடிந்ததும் கூட்டம் கலைந்து டிபன் பாக்கெட் வாங்கப் போய்விட்டது. கேள்வி கேட்ட வாயை நாட்டுப்பண்ணை வைத்து அடைத்த ஆள் இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

பஸ்ஸில் மகள் கேடயத்தை மடியில் வைத்திருந்தாள், அன்று அந்தப் பழத்தை வைத்திருந்த மாதிரியே. மறுநாள் நானே கேட்டேன், அவர் சொல்லாவிட்டால் என்னடி, போடு என்று. கெஞ்சினேன். திட்டினேன். அவள் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை. தேதி போயிற்று.

இப்போது கணக்குப் படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். குடை பிடித்துக்கொண்டு போகிறாள். கட்டிலுக்கு அடியில் பக்கெட்டுகள் அப்படியே இருக்கின்றன. டிரைவர்கள் இன்னும் கல் கொண்டுவருகிறார்கள், "பாப்பாகிட்ட குடுங்கக்கா" என்று. வாங்கி வைத்துக்கொள்கிறேன். அந்தப் பிரிண்ட்டை எடைமேடைக் கூண்டின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். யாரு இது என்று கேட்பார்கள். என் மகள், பள்ளியில் முதல் என்று சொல்வேன். அவர்களில் ஒருவர்கூட இதுவரை ஆச்சரியப்படவில்லை.

ப்ளெக்ஸ் கடைக்காரர் இப்போது அந்தக் கடையில் இல்லை. வெளியூரில் சொந்தமாகக் கடை வைத்துவிட்டார். போன வாரம் அவரே போன் செய்தார். "எழுதுங்க அக்கா. இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்த மூணு வாய்ஸும் பத்திரமா இருக்கு" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வருட அட்மிஷனுக்கு நீங்கள் வீடு வீடாகப் போடும் நோட்டீஸ் எங்கள் வீட்டுக் கதவிலும் செருகியிருந்தது. முதல் பக்கத்தில் அதே ரோஜா நிறப் பெண். எங்கள் கதவிலேயே செருகினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு கறுப்புப் பெண்ணின் அம்மா அந்த நோட்டீஸைப் பார்த்துத்தானே தன் பிள்ளையை உங்களிடம் கொண்டுவந்து விடுவார்?

வருகிற பெற்றோர் கூட்டத்துக்கு நான் வருவேன். என் பிள்ளை அங்கே படிக்கவில்லை என்று வாட்ச்மேனை வைத்துத் தடுத்தால் கேட்டுக்கு வெளியே நிற்பேன். உங்கள் ஸ்பீக்கர் தெருமுனைவரை கேட்கும். உலகத்தில் உள்ள அத்தனை பேரைப் பற்றியும் பேசும் அதே மைக்கில், அதே அம்மாக்கள் முன்னால், அந்த மூன்றாவது செய்தியை உங்கள் வாயாலேயே திரும்பச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, படித்த பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், என் மகளுடைய முகத்தில் என்ன குறைந்தது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை பி.டி. வாத்தியார் சவுண்டு பெட்டியைத் தொடக் கூடாது.